சேவுகப்பெருமாள் கடித்த மாத்திரை

காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய பேருந்து திருப்பத்தூரைத் தொடுவதற்குள் சேவுகப்பெருமாள் மூன்று இருக்கை மாறிவிட்டார். ஜன்னலோரம் வெயில். பின்பக்கம் தூக்கிப்போடுகிறது. முன்பக்கம் உட்கார்ந்தால் ஓட்டுநருக்குப் புத்தி சொல்லத் தோன்றுகிறது. ஏறிய இடத்திலேயே அசையாமல் இருந்த மனைவி பொன்னுத்தாயி, அவர் நாலாவது தடவை எழுந்தபோது வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு எடத்துல இருக்கீகளா? பஸ்ஸுக்குள்ள நடந்தே மதுரைக்குப் போற ஆளு நீங்கதான்."

"ஆஸ்பத்திரிக்குப் போனா நடக்கச் சொல்லித்தான பாக்குறாக. பழகிக்கிறேன் பொன்னு."

வயது ஐம்பத்தெட்டு. காரைக்குடி பக்கம் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் நெல் பார்க்கிறவர். லாரி வந்து நின்றால் சாக்கில் குத்தூசியைச் செருகி நாலு நெல்லை உருவுவார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதி, ஓர் அரிசியை முன்பல்லில் கடிப்பார். 'டிக்'கென்று உடைந்தால் வாங்கலாம். அமுங்கினால் ஈரம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்திக்கு முன்னால் சமையற்கட்டில் நுழைந்து அரிசியைக் கடித்துவிட்டுத்தான் வருவார். "பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னையப் பாக்கல, எங்க வீட்டு அரிசியக் கடிச்சாரு" என்று பொன்னுத்தாயி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஊர் அரை நாளில் காரணம் கண்டுபிடித்தது: குடி. "கலர் சோடா குடிச்சாலே ஏப்பம் விட்டு அவதிப்படுறவன்யா நான். குடிக்காமலே குடிகாரன்னு பேரு வாங்குனவன் புதுவயல்ல நான் ஒருத்தன்தான்" என்பார். மதுரை டாக்டர்தான் இது பார்க்கின்சன், நரம்பு நோய் என்று சொன்னார். உள்ளங்கையில் நெல் நிற்காமல் சிதறியது. ஆலை முதலாளி ரவிக்குமார் அவரை விடவில்லை. சுமைதூக்கும் மாயக்கண்ணன் நெல்லை ஏந்த, இவர் கடித்தார். "கைதான ஆடுது, பல்லு ஆடலையே" என்று சிரிப்பார். ஆனால் அடுத்தவன் உள்ளங்கைக்கு வாயைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் யாரும் பார்க்கிறார்களா என்று கண் சுற்றிலும் தேடும்.

அதனால்தான், புது மாத்திரை ஒன்றைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் நாற்பது பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டார். "எலிக்கு லீவு விட்டுட்டு இவரு போயிருக்காரு" என்றது டீக்கடை. சோதனைக்கு ஒரு விதி. பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது.

மனிதருக்கு நிலைகொள்ளவில்லை. குத்தூசி போடாமல் மூட்டை வாங்கிய ஆளா அவர்? மாத்திரை போட்டதும் கையை நீட்டிப் பார்ப்பார். ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். அரை மணி கழித்து நீட்டுவார். கூடிய மாதிரி இருக்கும். மூன்று மாதம் பொறுத்தார். போன செவ்வாய்க்கிழமை மாத்திரையைக் கொல்லைப்புறம் கொண்டுபோய், முன்பல்லில் வைத்துக் கடித்தார்.

கசப்பு! அப்படி ஒரு கசப்பு. அதைத் துப்பிவிட்டு வேறொன்றை எடுத்து ஒழுங்காக விழுங்கினார். "நமக்கு நெசம்தான் விழுந்துருக்கு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். மருந்துக்கடையில் வேலைபார்க்கும் சாலாதான் கெடுத்தாள். "சித்தப்பா, உங்கள மாதிரி ஆளு கடிச்சுப் பாப்பீகன்னு அந்த வெறும் மாத்திரையிலயும் கசப்பச் சேத்துருந்தா?"

இப்போது கவலை இரண்டாகிவிட்டது. நிஜமா பொய்யா என்பதோடு, டப்பாவில் ஒன்று குறைகிறதே! மருத்துவமனையில் மிச்சத்தை எண்ணித்தான் வாங்குவார்கள். விதியை மீறினால் சோதனையைவிட்டே எடுத்துவிடலாம் என்று அந்தத் தாளில் இருந்தது.

"கீழ விழுந்துருச்சுன்னு சொல்லுங்க" என்று பொன்னுத்தாயி வழியெல்லாம் பாடம் நடத்தினாள். "எறும்பு தூக்கிருச்சுன்னு மட்டும் சொல்லிறாதீக. நம்ப மாட்டாக."

மருத்துவமனையில் மாத்திரையை எண்ணுகிறவள் சௌபர்ணிகா. தட்டில் கொட்டி இரண்டு தடவை எண்ணினாள்.

"ஐயா, ஒண்ணு குறையுதே. தொலைஞ்சுபோச்சா?"

பொன்னுத்தாயி முழங்கையால் இடித்தாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மூட்டையின் மேலே காய்ந்த நெல்லைப் போட்டு அடியில் ஈரத்தை ஒளித்துக் கொண்டுவருகிறவர்களை முப்பது வருஷமாகத் திட்டித் தீர்த்தவர்.

"கடிச்சுட்டேன்த்தா."

"கடிச்சீங்களா! எதுக்கு?"

"நெசமா பொய்யான்னு பாக்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை அப்படியே எழுதினாள். காகிதத்தோடு டாக்டர் அறைக்குள் போனாள். இருபது நிமிஷம் ஆளைக் காணோம். சேவுகப்பெருமாள் தாழ்வாரத்தை இங்குட்டும் அங்குட்டும் அளந்தார்.

"உண்மையச் சொல்லி உள்ளதையும் கெடுத்தீக" என்றாள் பொன்னுத்தாயி.

சௌபர்ணிகா புது டப்பாவோடு வந்தாள். "இந்த ஒரு தடவை விட்டுருக்காங்க ஐயா. இனி கடிச்சீங்கன்னா எடுத்துருவாங்க. இந்த வேளை மாத்திரைய இங்கயே, என் கண்ணு முன்னாடி போட்டுக்கணும்." ஒரு தம்ளர் தண்ணீரையும் வைத்தாள்.

சேவுகப்பெருமாள் டப்பாவைத் தொடவில்லை. "பல்லுல படாம நீயே போடு பொன்னு" என்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடி, வாயை ஆனமட்டும் அகலத் திறந்து, நாக்கை நீட்டினார்.