கேட்டது அவள்

பழம்பொரியை மகளின் கையிலிருந்து பிடுங்கி, மறுபடியும் பலகாரத் தட்டிலேயே வைக்கிறாள் சிந்தியா. அருமனையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் சுயம்புராஜின் டீக்கடைக்குச் சாயங்காலம் போனால் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். "அண்ணே, அவ கேட்டாளா? கேக்காம எதுக்குக் குடுத்தீரு?" சுயம்புராஜ் தலையைச் சொறிவார். நல்ல மனுஷன். பிள்ளை வந்து நின்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

மகள் ரெஜிஷாவுக்குப் பதினோரு வயது. ஆட்டிசம் உள்ள பெண். நாம் கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒருவரிடம் பேச்சைத் தொடங்குவதுதான் அவளுக்கு மலையைப் புரட்டுகிற வேலை. நம் ஊரிலோ யாரும் யாரையும் தொடங்க விடுவதில்லை. படியேறும் முன்பே, சாயா எடுக்கட்டா, அம்மைக்கு சொகந்தானா, எங்க போயிட்டு வாறிய என்று நாமே கேட்டுத் தீர்த்துவிடுவோம். இந்த அன்புதான் சிந்தியாவுக்கு முதல் எதிரி.

பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். கழுத்தில் அளவு நாடாவும் சேலையெல்லாம் நூல் பிசிறுமாக வந்து நிற்பாள். மார்த்தாண்டத்தில் ரெஜிஷாவுக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர், நீங்கள் முந்தாதீர்கள், காத்திருங்கள் என்று சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவள். டீ ஆறட்டும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கட்டும், பஸ்ஸே போகட்டும், பிள்ளை தானாகக் கேட்கும்வரை அசைய மாட்டாள். பிள்ளையிடம் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் அவர்களுக்கு அர்ச்சனை நிச்சயம். "செவரப் பாத்துட்டே பேசட்டு. பேசுனாப் போதும்." ஊரில் ராட்சசி என்று பேர். அதை நானே அவளிடம் சொன்னேன். தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல், "இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

போன வாரம் டீக்கடைக்குள் மழைக்கு ஒதுங்கிய ரப்பர் வியாபாரி ஒருவருக்கு, பிள்ளை கேட்கட்டும் என்று சிந்தியா பலகாரம் கொடுக்காமல் நிற்பது பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளையை இப்படியா வதைப்பது, பெற்றவள்தானா நீ என்று சத்தம் போட்டார். அதைக் கேட்டு எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. சிந்தியா குரலை உயர்த்தவில்லை.

"நான் செத்துப்போனா இவ யார்ட்ட போயி, என்னன்னு கேப்பா? நீரு வந்து வாங்கிக் குடுப்பீரா?"

ரெஜிஷா பலகாரத் தட்டைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, செருப்பு புதுசா?"

அந்தக் கடையில் அவள் தானாகத் தொடங்கிய முதல் பேச்சு அது. சுயம்புராஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். வியாபாரியோ எல்லோரும் செய்வதையே செய்தார். தாயின் பக்கம் திரும்பி, "ஆமா, களியக்காவிளையில வாங்குனது" என்று சிந்தியாவிடம் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

சிந்தியா முன்பின் தெரியாத அந்த மனிதரின் இரண்டு தோள்களையும் பிடித்து, மகளின் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.