ஏழாம் வீட்டுப் புள்ளிகள்

உஜ்ஜயினியில் என்னைத் தெரியாதவன் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று இந்த ஊரில் எழும்புகிற பாதிக் கட்டிடத்துக்குக் கம்பி என் கடையிலிருந்துதான் போகிறது. அப்பேர்ப்பட்ட நானே எதிர்வீட்டு ஜோசியர் திரிம்பக் வியாஸைக் கேட்காமல் ஒரு கடையும் திறந்ததில்லை. ஜாதகத்தில் எந்த வீட்டுக்கு வலு, எது சொத்தை என்று அளந்து சொல்வதில் மாளவம் முழுக்க அவருக்குப் பேர்.

அவர் மகள் கௌமுதியை ரயில்வேயில் இருந்த ஒரு தெற்கத்தித் தார்வாட் பையன் பெண் கேட்டான். அவளுக்கும் அவன் மேல் ஆசை. வியாஸ் அவன் ஜாதகத்தைப் பார்த்தார். வீடுகளின் வலுவைக் கோடும் புள்ளியுமாகக் குறித்திருந்த கட்டத்தில், கல்யாணத்துக்கான ஏழாம் வீட்டில் ஒரே புள்ளிமயம். குடும்பம் நிலைக்காது என்று மறுத்துவிட்டார். பையன் மாற்றல் வாங்கிப் போய், வேறு கல்யாணமும் செய்துகொண்டான். அப்புறம் வந்த எந்த வரனுக்கும் கௌமுதி சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். பத்து வருஷம் ஓடிவிட்டது.

போன ஹோலிக்கு முன்னால், என் பேத்திக்கு ஹூப்ளியிலிருந்து வந்த ஜாதகத்தை வியாஸிடம் கொண்டுபோனேன்.

"வேணாம் சேட்ஜி. ஏழுல பூராவும் புள்ளி. சொத்தை வீடு."

"என்ன வியாஸ்ஜி, அவங்க ஜோசியன் ஏழாம் வீடு கோட்டை மாதிரின்னு பீத்திக்கிறான்!"

"அவன் கிடக்கான். கோடுன்னா பலம், புள்ளின்னா பலவீனம்."

"அது நம்ம பக்கம். தெக்கே புள்ளிதான் பலமாம். நான் லேசுல விடுவேனா? நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வந்தேன். இதுகூடத் தெரியாமலா ஊர் வீட்டையெல்லாம் அளக்கிறீங்க?"

நான்தான் சிரித்தேன். அவர் விரல் அந்தப் புள்ளிகள் மேலேயே கிடந்தது.

"தார்வாட் பையனோடதும் அந்தப் பக்கத்துல எழுதினதுதானே, சேட்ஜி?" குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

அடுக்களையில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. கௌமுதி தட்டுகளோடு வந்தாள்.

"காகாஜி, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றாள் என்னிடம். அப்பாவிடம், "பாவூஜி, காகிதத்தை எடுங்க."

"கௌமுதி, நான்..."

"கேட்டுச்சு பாவூஜி. எடுங்க, தட்டு வைக்கணும்."

எடுத்தார். சாப்பிட்டோம். பருப்பில் உப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

வியாஸ் இப்போதும் ஜாதகம் பார்க்கிறார். நிலம், தொழில், வழக்கு எல்லாம் சொல்கிறார். கல்யாணம் என்று வருகிறவர்களிடம் மட்டும், "அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று காகிதத்தை மடித்துக் கொடுத்துவிடுகிறார். கௌமுதி அவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவிடுகிறாள்.