முழுகி எழுந்த அப்பா

"பொட்டப்புள்ள படிச்சு என்னத்த கிழிக்கப்போவுது?" என்று கேட்டவர் என் அப்பா. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என்னை அனுப்பியதற்காக அம்மாவின் வலது கையை முறித்தார். அது இன்றுவரை நிமிரவில்லை.

போன வருஷம் கீழ்பென்னாத்தூர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தார். ஈரத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "என் பாவமெல்லாம் போயிடுச்சுடி. ஆண்டவரே மன்னிச்சுட்டாரு" என்றார்.

இடது கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அடி வாங்குனது நானு. எங்கிட்ட யாரும் கேக்கலியே."

கூட வந்த போதகர் திடுக்கிட்டு, "அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கலியாய்யா?" என்றார்.

"அதான் முழுகி எழுந்துட்டேனே, இன்னும் எதுக்கு?"

"மனந்திரும்பாம முழுகினா வெறும் குளியல்தான்யா."

அப்பா சோறு போடச் சொன்னார்.

ஆண்டவரை நானும் நம்புகிறேன். அடிபட்டவளைத் தாண்டிப் போகும் மன்னிப்பைத்தான் நம்ப முடியவில்லை. நான் வேலை பார்க்கும் ஊரான வேங்கிக்காலில் என் சம்பளத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன்.