நல்ல தண்ணீரில் செத்த மீன்

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு காலி ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. மருமகள் அதில் கடுகு போட்டு வைக்கக் கேட்பாள், நான் விடமாட்டேன். கிழவிக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்திருப்பாள். அது என் பாட்டிலே இல்லை. கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் டீச்சராக இருந்தபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்தது.

பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள். அன்று பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். விடியற்காலை அப்பாவின் வலையில் வந்த விரல் நீள மீன் ஒன்றை அந்தப் பாட்டிலில் கடல் தண்ணீரோடு கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. அத்தனை வருஷம் பலகையில் படம் போட்டும் நான் அவர்களை அப்படிப் பார்க்க வைத்ததில்லை. எனக்கோ, கலங்கிய தண்ணீரும் கவிச்சி வாடையும் அதிகாரிக்குப் பிடிக்காதே என்ற கவலை. பிள்ளைகள் பிரேயருக்குப் போன நேரத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடிதண்ணீர் பிடித்து நிரப்பினேன். பாட்டில் பளிச்சென்று இருந்தது.

இரண்டாவது பீரியடில் மீன் மல்லாந்து மிதந்தது.

"இன்னா மிஸ் பண்ணீங்க? நல்ல தண்ணி ஊத்துனா செத்துடும் மிஸ்" என்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த கேள்வி வந்தது. "ஆனா ஏன் மிஸ்? நாமல்லாம் நல்ல தண்ணிதான குடிக்கிறோம்? அது மட்டும் ஏன் சாவுது?"

கடைசி பெஞ்சில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பதில் தெரியாது. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உட்காரு" என்றேன்.

அன்று மாலையே நூலகத்தில் தேடிப் படித்துவிட்டேன். கடல் மீனின் உடம்பில் இருக்கும் உப்பு நல்ல தண்ணீரில் கிடையாது. அதனால் தண்ணீர் தானாகவே உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், மீன் தாங்காது. படிக்கும்போது எனக்கே சிலிர்த்தது. மறுநாள் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மீனைக் கொன்றது என் அறியாமைதான் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதன்பின் அவள் கை தூக்கவே இல்லை. கைடில் இருப்பதை அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினாள். ரேங்க் கார்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிய புண்ணியவதியும் நான்தான்.

பிற்பாடு, பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆசை வரவழைப்பது எப்படி என்று புது டீச்சர்களுக்குச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டார்கள். சார்ட், விளையாட்டு, பாட்டு என்று அடுக்குவேன். நடுவில் அந்தப் பாட்டில் நினைவுக்கு வரும். அவள் ஆசையை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். "எனக்கும் தெரியலைடி, வா, சேர்ந்து தேடலாம்" என்று நான் சொல்லியிருந்தால் போதும்.

போன மாதம் மீன் மார்க்கெட்டில் ஒரு குரல். "மிஸ்! நல்லா கீறீங்களா?" அவளேதான், மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பழைய கோபம் ஒரு துளியும் இல்லை; எனக்கென்று பெரிய வஞ்சிரமாகப் பார்த்து எடுத்தாள். பக்கத்தில் அவள் மகள், ஆறேழு வயதிருக்கும், ஒரு மீனை உற்றுப் பார்த்தபடி கேட்டது: "மா, மீனு ஏம்மா கண்ணையே மூடல?"

செதில் சீவிக்கொண்டே அவள் சொன்னாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது. உக்காரு."

என்னைக் குத்திக்காட்டவில்லை. தினமும் சொல்கிற பேச்சாக, சாதாரணமாகச் சொன்னாள். நான் குனிந்து, "அதுக்கு இமையே கிடையாதும்மா" என்றேன். குழந்தை முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தது. எனக்கு மனசு தாங்கவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலை அங்கேயே, மீன் நாற்றத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவில், தாயிடம் கொட்டித் தீர்த்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எந்த மீனு மிஸ்?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை இறக்கித் துடைத்தேன்.

"இப்பவாவது கடுகு போடவா அத்தை? காலியாத்தானே இருக்கு?" என்றாள் மருமகள்.

"காலி இல்லம்மா" என்று சொல்லி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.