அட்டைக்குப் பின்னால் நின்றவள்

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு ‘ஃபோகஸ்’ என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூடத் திருதிருவென்று முழிப்பார். ஒரே முகம் எல்லா கேமராவிலும் ஒரே நிறத்தில் தெரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. செய்தி வாசிப்பவரின் கன்னம் ஒரு கேமராவில் சிவந்தும் இன்னொன்றில் பச்சை தட்டியும் தெரிந்தால் போச்சு, சோறு தண்ணி மறந்து குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். ஊரார் முகத்தைச் சரிசெய்தே காலத்தை ஓட்டிய ஆள்.

வீட்டிலாவது சும்மா இருந்தாரா? கம்ப்யூட்டர் என்ற சாமான் கடையில் தலைகாட்டியதுமே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். டிவியில் செருகினால் ஓடும். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும், பாதியில் மக்கர் பண்ணும். அப்புறம் இன்னொன்று, அதைவிடப் பெரிதாக இன்னொன்று. படுக்கையறையில் பீரோ இருந்த இடத்துக்கு மேசை வந்தது. மனைவியின் துணிமணி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“பேசாம இந்த டப்பாவையே கட்டியிருக்கலாம் நீங்க. சமைக்கிற வேலையாவது மிச்சம்” என்பாள் அவள்.

கேமராப் பைத்தியம் தனிக்கதை. புது லென்ஸோ புது கேமராவோ வந்தால் முதலில் சோதனை. நிலையத்தில் கழித்துக்கட்டிய சோதனை அட்டை ஒன்று வீட்டில் இருந்தது. மெல்லிய கோடுகளும் நிறக் கட்டங்களும் போட்ட பெரிய அட்டை. அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு மனைவி ஜன்னலோரம் நிற்க வேண்டும். அட்டையின் நாலு ஓரமும் படத்தின் நாலு ஓரத்தோடு பொருந்த வேண்டும் என்பது நிலையத்து வழக்கம். வீட்டிலும் அதை விடவில்லை, மகானுபாவர்.

“கை வலிக்குதுங்க.”

“அசையாத. இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

“ஒரு தடவையாவது என்னை எடுங்களேன்.”

“நீ எங்க போயிடப்போற? அப்புறம் எடுத்துக்கலாம்.”

போய்விட்டாள். அவர் ஓய்வு பெற்ற வருஷமே, காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

வெளியூரிலிருந்து வந்த மகள், ஹாலில் மாட்ட அம்மாவின் நல்ல படமாக ஒன்று கேட்டாள். ஃபோனிலேயே படம் எடுக்கும் காலம் அப்போது வரவில்லை. கல்யாண ஆல்பத்தைப் பழைய வீட்டின் ஒழுகல் தின்றுவிட்டது. வீட்டில் இவ்வளவு பெரிய நிபுணர் இருக்கும்போது வேறு யார் கேமராவைத் தொடுவார்கள்?

“அம்மா படம்தானே, குவிஞ்சு கிடக்கும்மா” என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் திறந்தார். கோடுகள், கட்டங்கள், இரண்டு ஓரத்திலும் இரண்டு கட்டைவிரல் நுனி. அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மா எங்கப்பா?”

அவள் முகம் விழுந்த படம் ஒரு காலத்தில் ஒரே ஒன்று இருந்தது. ஒரு தரம் தும்மல் வந்து அட்டை சரிந்து, அவள் விழுந்து விழுந்து சிரித்தபோது அவர் கை தவறி அழுத்திவிட்டார். ஓடிவந்து கேமராவின் குட்டித் திரையை எட்டிப் பார்த்தாள். “நல்லா வந்திருக்கேன்ல?” என்றாள். “அட்டை விலகிப்போச்சு. வேஸ்ட்” என்று சொல்லி அவள் கண்ணெதிரிலேயே அழித்தார். கெட்டுப்போன படத்தை வைத்திருக்கக் கூடாது என்பதும் நிலையத்து வழக்கம்தான். பாவி, அன்றைக்கு அவள் முகம் எப்படிப் போயிற்று என்றுகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மிஞ்சியது அவளுடைய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த நகமளவு படம். பழுப்பேறி, முகமெல்லாம் புள்ளி விழுந்திருந்தது. மகள் அதை ஃபோட்டோ ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கி, புள்ளிகளை எல்லாம் துடைத்து, கன்னத்தைப் பளபளவென்று மெழுகி, சட்டம் போட்டுக் கொடுத்தார். புள்ளிகளோடு அவளுடைய மச்சமும் போய்விட்டது. உதட்டைக் கொஞ்சம் சிரிக்கவும் வைத்திருந்தார். அது அவள் சிரிப்பே இல்லை.

“அம்மா அப்படியே இருக்காங்கல்லப்பா?” மகளின் கண் கலங்கியிருந்தது.

துளி நிறம் மாறினால் நிலையத்து ஸ்டூடியோவையே நிறுத்திவைத்த மனிதர், “ஆமாம்மா. அப்படியேதான் இருக்கா” என்றார்.

மகள் ஊருக்குப் போனதும் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நிறத்தைச் சரிபண்ணிவிடலாம், அது அவருக்குக் கைவந்த வேலை. சிரிப்பையும் கலைத்துவிட்டார். மச்சத்தை வைக்கும்போது கை நின்றது. இடது கன்னமா, வலது கன்னமா? அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தால் இரண்டு கன்னத்திலும் புள்ளிகள், மச்சம் எதுவென்று தெரியவில்லை.

கண்ணை மூடிப் பார்த்தார். ஜன்னல் வந்தது, அட்டை வந்தது, கட்டைவிரல்கள் வந்தன. அட்டையை விலக்கச் சொல்லிக் கெஞ்சினார். விலகியது. பின்னால் ஸ்டூடியோக்காரர் செய்த முகம்தான் நின்றது. மேசையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு ஃபோன் போட்டார்.

“அம்மாவுக்கு மச்சம் எந்தக் கன்னத்துலம்மா?”

மகள் யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

“சட்டுனு ஞாபகம் வரலையேப்பா... ஹால்ல மாட்டியிருக்கிற படத்தைப் பாருங்களேன், அதுல இருக்குமே.”