பட்டாளத்து இஞ்சின்

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையைத் திணறி ஓடும் இஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டார் ஜாபர் உசேன். இந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. காக்கை கத்தினால்கூட முறைப்பார்.

பேளுக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் ஜாபருக்கு வயது அறுபது. பழைய லாரிக்குள் இருப்பது எதிலிருந்து பிடுங்கி வைத்த இஞ்சின் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான். "பத்துக்கு நாலு தப்பாத்தானுங்க போகும். ஆனா நான் சொல்ற தோரணையில ஒருத்தனும் எதுத்துக் கேக்க மாட்டான்" என்று டீக்கடையில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

இன்று விடியற்காலையிலேயே அவரை மலைமேல் வரவழைத்தவர் அங்கே குண்டனி நாடு என்ற ஊர்ப்பகுதியில் விவசாயம் பார்க்கும் பாப்பாயி. அவருடைய லாரியில், இஞ்சின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் தகடு போய்விட்டது. நேற்றுத் தோண்டிய மரவள்ளிக் குச்சிக்கிழங்கு களத்தில் குவிந்து கிடக்கிறது. நாளைக் காலைக்குள் அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்லுக்குப் போகாவிட்டால் உள்ளே கறுத்துவிடும், மில்லில் வாங்க மாட்டார்கள். வருஷம் முழுக்கப் பட்ட பாடு அத்தனையும் அந்தக் குவியல்தான். அறுவடைச் சமயத்தில் வாடகை லாரியும் கிடைக்காது. நாமக்கல் ஸ்பேர்ஸ் கடைக்காரரோ, எந்த இஞ்சின் என்று சொன்னால்தான் கேஸ்கட் தர முடியும் என்கிறார். இஞ்சின் நம்பர் தகடு எப்போதோ கழன்று தொலைந்திருந்தது.

"எனக்கு வித்தவரு இது பட்டாளத்து இஞ்சின்னு சொன்னாருங் பாய்" என்றார் பாப்பாயி.

ஜாபர் கண்ணைத் திறந்தார். "அதத்தான் அம்மணி நானும் சொல்ல வந்தேன். சத்தத்துல ஒரு கம்பீரம் இருக்குது பாருங்க. எல்லை வரைக்கும் போய்ட்டு வந்த இஞ்சினுங்க இது."

ஹெட்டைக் கழற்றி, துளைகளைத் தாளில் ஒற்றி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அதெல்லாம் கத்துக்குட்டிகள் செய்கிற வேலை. ஜாபர் போனில் 'மிலிட்டரி' என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

பதினொரு மணி பஸ்ஸில் கேஸ்கட் வந்தது. ஹெட்டைப் பிரித்து வைத்துப் பார்த்தால், அடுத்தவன் சட்டையைப் போட்டதுபோல் ஓர் இடத்திலும் பொருந்தவில்லை. பாப்பாயி போய்க் கிழங்குக் குவியல்மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்தார். ஜாபர் அந்தப் பக்கம் பார்க்காமல் மறுபடி பானட்டுக்குள் குனிந்தார்.

சங்கடம் வந்தால் முன்னால் வேலை பார்த்த மெக்கானிக்கைத் திட்டுவது அவர் வழக்கம். இதில் திட்ட நிறையவே இருந்தது. இஞ்சினைத் தாங்கும் பட்டையைக் கட்டில் சட்டத்தை வெட்டிச் செய்திருந்தார்கள். "எந்த மகராசன் வேலைங்க இது? வெல்டிங்கா, பறவை எச்சமா? இவன் கையில ஸ்பேனரக் குடுத்தவனப் புடிச்சு ஒதைக்கோணும்!" அந்த லட்சணத்தைப் பாப்பாயிக்குக் காட்டுவதற்காகக் கம்பி பிரஷ்ஷால் பெயிண்டைத் தேய்த்தார். அடியில் உளியால் வெட்டிய 'ஜா' தெரிந்தது.

யா அல்லா! இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரே வெட்டிய எழுத்து. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியின் கம்ப்ரசர் இஞ்சின் அது. மலிவாக வந்ததென்று ஜாபர்தான் வாங்கி இந்த லாரியில் ஏற்றினார். ரிக் இஞ்சின் என்றால் அன்றைய லாரிக்காரர் முகம் சுளிப்பாரே என்று 'பட்டாளத்து இஞ்சின்' என்று அடித்துவிட்டார். வண்டி கேபின் மாறி, பாடி மாறி, கை மாறி வந்திருக்கிறது. அவர் விட்ட புளுகு மட்டும் அப்படியே மலையேறி வந்து, காலையில் அவர் காதிலேயே கம்பீரமாக விழுந்திருக்கிறது.

கட்டை விரல் தானாகப் போய் அந்த எழுத்தை மறைத்துக்கொண்டது.

"இது ரிக் வண்டி இஞ்சினுங்க அம்மணி. மறுக்கா சொல்லி விடறேன், சாயங்கால பஸ்ஸுல வந்துரும்."

"இதுவும் காதுல கேட்டதுதானுங்களா?" பாப்பாயியின் பார்வை குவியல்மேல் இருந்தது. "அதுவும் சேரலைன்னா எல்லாத்தையும் குப்பையிலதான் கொட்டோணும் பாய்."

ஜாபர் விரலை எடுத்தார். "இல்லீங்க. இதுல என்ற பேரு இருக்குது. இதப் பண்ணுனதே நாந்தானுங்க. பட்டாளம் கிட்டாளம் எல்லாம் நான் அளந்த கதை."

பாப்பாயி எழுத்தைப் பார்த்தார், வெல்டிங்கைப் பார்த்தார், ஜாபரைப் பார்த்தார். "புடிச்சு ஒதைக்கோணும்னீங்களே பாய்?"

"கால் எட்டலீங்க அம்மணி."

சாயங்கால பஸ்ஸில் வந்தது கச்சிதமாக உட்கார்ந்தது. பொழுது சாயும் முன் இஞ்சின் ஒருமுறை ஓடி அடங்கியது. பாப்பாயி சாக்கை விலக்கிக் கிழங்கைக் கூடையில் அள்ள ஆரம்பித்த பிறகும் ஜாபர் பானட்டுக்குள்ளேயே இருந்தார். உளிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், 'ஜா'வுக்குக் கீழே 'ரிக் கம்ப்ரசர்' என்றும், அதற்குக் கீழே பத்து எண்களும் வெட்டி முடித்திருந்தார்.

"போன் நம்பரு எதுக்குங் பாய்?"

"அடுத்துத் தொறக்கறவன் நேராவே கேக்கட்டுமுங்க."

எண்கள் சரிதானா என்று பார்க்கப் பாப்பாயி தன் போனில் ஒவ்வொன்றாக அழுத்தினார். ஜாபரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர் கையை வேட்டியில் துடைத்து, போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஜாபர் பேசறேனுங்க. திட்டுங்க."