கற்பூரம் மணந்த தேநீர்

திருமணமான புதிதில், எங்கள் மலாய்த் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில், சீனத் தேயிலைக் கடையொன்றில், மறைந்த என் மனைவி பச்சைப் பூஏர் தேயிலை வட்டு ஒன்றை விரும்பி வாங்கினாள். கருப்பட்டியைப் போல் வட்டமாக அழுத்தப்பட்ட அத்தேயிலை, புதியதாய் இருக்கையில் நாவைக் கசப்பால் இறுக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கசப்புத் தணிந்து இனிமை ஊறும். இத்தீவின் வெப்பமும் ஈரமும் அதை விரைந்து முதிர்விக்கும் என்றும், நன்கு முதிர்ந்த வட்டில் கற்பூரத்தை ஒத்த மணம் தானாகவே தோன்றும் என்றும் கடைக்காரர் மலாய்மொழியில் விளக்கினார். சமையல் வாடை மட்டும் அண்டலாகாது என்று எச்சரித்தார்.

அடுக்ககத்தில் எங்கள் வீடு சிறியது. பெலாச்சான் என்னும் இறால் விழுதை வறுத்தால் படுக்கையறைவரை வாடை வரும். ஆகவே, வீட்டிலேயே தூய இடம் எனக் கருதி, சாமிப் படங்களுக்கு மேலிருந்த பலகையில் வட்டை வைத்தோம்.

ஆண்டுதோறும் தைப்பூசம் கழிந்த ஞாயிறன்று, ஓரத்தில் சிறிது பெயர்த்துச் சுவைப்போம். எனக்கு எல்லா ஆண்டும் ஒன்றே. அவளோ ஒரு மிடற்றை நாவில் நிறுத்திக் கண்மூடி ஆராய்வாள்.

"இன்னும் கோவமா இருக்குங்க. மூடி வைங்க."

"எப்பத்தான் கோவம் தீரும்?"

"உங்களுக்குத் தீர எத்தன வருஷம் ஆச்சு? இதுவும் அப்படித்தான்லா."

கடைசியாகச் சுவைத்த ஆண்டில் மட்டும் அவள் தயங்கினாள். "ஏதோ ஒரு வாசம் எட்டிப் பாக்குது. என்னன்னு அடுத்த வருஷம் சொல்றேன்."

அடுத்த ஆண்டு அவள் மருத்துவமனையில் இருந்தாள். புற்றுநோய்க்கு அளித்த சிகிச்சை அவள் நாவின் சுவையையும் மூக்கின் கூர்மையையும் கொண்டுபோயிற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பியபின், ஒரு காலையில் என்னை அழைத்தாள்.

"அந்த டீய எடுங்க. பழுத்துச்சான்னு பாத்துடணும்."

வெந்நீர் பட்டதும் கற்பூர மணம் எழுந்தது. மகிழ்ச்சியுடன் சொன்னேன்: "வந்துடுச்சு. கற்பூர வாசமேதான்."

அவள் முகம் மலரவில்லை. வட்டு இருந்த பலகையையும் அதன்கீழ் இருந்த கற்பூரத் தட்டையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"என்னங்க, இது டீயோட கற்பூரமா, சாமியோட கற்பூரமா?"

நான் திகைத்தேன். வெள்ளிதோறும் அந்த இடத்தில் கற்பூரம் ஏற்றினோம். சமையல் வாடைக்கு அஞ்சிய நாங்கள், கற்பூரமும் ஒரு வாடை என எண்ணியதே இல்லை.

"சாமிக்குக் காட்டுனதெல்லாம் இதுவும் வாங்கிக்கிச்சு போல," என்று மெல்லச் சிரித்தாள். "நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

மீண்டும் மீண்டும் அருந்தினேன். அவளைப் போலவே கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டையும் பிரித்தறிய வல்ல நா எங்கள் வீட்டில் ஒன்றே இருந்தது. அது என்னுடையது அன்று.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் தலையசைத்தாள். பிறகு தன் கோப்பையை இரு கைகளாலும் ஏந்திப் பருகினாள்.

"உனக்கு என்ன தெரியுது?"

"சூடு தெரியுது," என்றாள். கோப்பையைக் காலிசெய்து, "ஊத்துங்க," என்றாள்.

நிறம் வெளுத்து வெறும் வெந்நீராகும்வரை ஊற்றினேன். அதன் பின்னும் அவள் கோப்பையை நீட்டினாள்.